அழிக்கும் உரிமை

நிறைந்துபோன கணிப்பொறி ஒன்றில் இடம் உண்டாக்குவது தொழில்நுட்பம் பற்றிய வினாவா, அறம் பற்றிய வினாவா என்று கேட்டால் பலர் நகைப்பர். நான்கு கட்டளைகளைத் தட்டினால் முடியும் வேலைக்கு அற ஆராய்ச்சி எதற்கு என்பர். அவ்வாறு நகைப்போர், தம் வீட்டுக் கணிப்பொறியிலிருந்து எதையேனும் நீக்க முற்பட்டபோது விரலைப் பொத்தானின்மேல் வைத்துக்கொண்டு ஒரு கணம் தயங்கியதுண்டா என்று தம்மைத் தாமே கேட்டுப் பார்க்கட்டும். அந்த ஒரு கணத் தயக்கத்தின் பொருள் யாது என்பதே இங்கே நாம் ஆராயப் புகுவது.

பெரிய கணிப்பொறிகளில் இவ்வினா எளிதில் எழுவதில்லை. இடம் மிகுதியாக இருக்குமிடத்தில் தேர்வு செய்யவேண்டிய தேவை ஏது? ஆகவே சிறியதொன்றை எடுத்துக்கொள்வோம். ராஸ்பெரி பை என்னும் கணிப்பொறியை நம் இளைஞர் பலர் நன்கறிவர். மாணவர்க்குக் கணிப்பொறிக் கல்வி எளிதில் கிட்டவேண்டும் என்னும் நோக்குடன் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் அமைந்த அறக்கட்டளை ஒன்றின் முயற்சியால் பிறந்தது அது. 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 35 டாலர். ஒரே பலகையில் அடங்கியது. ஏறத்தாழ வங்கி அட்டையின் அளவே உடையது. பெரிய கணிப்பொறிகளில் உள்ளது போன்ற வன்வட்டு அதனுள் இல்லை. விரல் நகத்தின் அளவுள்ள நினைவட்டை ஒன்றைச் செருகினால், இயங்குதளம் முதல் நம் குடும்பப் புகைப்படங்கள் வரை அனைத்தும் அந்த அட்டைக்குள்ளேயே குடியிருக்கும். மின்சாரம் சிறிதே செலவாவதால், அதனை இரவும் பகலும் இயங்கவிட்டு, வீட்டின் படங்களுக்கும் பாடல்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் பொதுக் களஞ்சியமாகப் பயன்படுத்தும் குடும்பங்கள் உண்டு. 32 ஜிகாபைட் கொண்ட அட்டை அவ்வாறு நிறைய நெடுங்காலம் ஆகாது.

அட்டை நிறைந்துவிட்டால் கணிப்பொறி முதலில் முணுமுணுக்கும், பின்னர் மறுக்கும். புதிய கோப்பு எதனையும் சேமிக்க இயலாது. மென்பொருள் மேம்பாடு நடுவழியில் நின்றுவிடும். சில வேளைகளில் கடவுச்சொல்லைச் சரியாகத் தந்தும் திரை திறவாமல் மீண்டும் வாயிலிலேயே கொண்டுவந்து நிறுத்தும். லினக்ஸில் பெரிதும் வழங்கும் எக்ஸ்ட்4 என்னும் கோப்பு முறையை வகுத்தவர்கள் இதனை முன்னரே எண்ணிப் பார்த்திருக்கின்றனர். மொத்த இடத்தில் நூற்றுக்கு 5 பங்கை நிர்வாகிக்கென ஒதுக்கிவைப்பது அதன் வழக்கம். எல்லாம் நிறைந்த பின்னும், உள்ளே சென்று ஒழுங்கு செய்ய ஒருவருக்குக் கால் வைக்க இடம் வேண்டுமன்றோ?

உள்ளே சென்றவர் முதலில் டி.எஃப். என்னும் கட்டளையால் எவ்வளவு நிறைந்துள்ளது என்று அறிகிறார்; டி.யூ. என்னும் கட்டளையால் எந்த அடைவு எவ்வளவு உண்டிருக்கிறது என்று அறிகிறார். முதலில் அகப்படுவன குற்றமற்ற பருமன்களே. மென்பொருளை நிறுவுவதற்காக இறக்கிய பொதிகள், நிறுவி முடிந்த பின்னும் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். ஒருநாளும் திறவாத அலுவலகச் செயலிகளும் விளையாட்டுகளும் இருக்கும். நாள்தோறும் தான் செய்தவற்றைக் கணிப்பொறி தானே எழுதிவைக்கும் குறிப்பேடுகள் இருக்கும். அவற்றுக்கென்று ஓர் ஒழுங்குமுறையும் உண்டு: வாரம் ஒருமுறை ஏட்டை மாற்றி, பழையதைச் சுருக்கி, நான்கு வாரத்துக்கு மேற்பட்டதைத் தானே கழித்துவிடுவது வழக்கமான ஏற்பாடு. மறதியைக்கூட விதி வகுத்துப் பழக்கியிருக்கிறார்கள்! இவற்றையெல்லாம் நீக்குவதில் யாருக்கும் தயக்கம் தோன்றாது. ஏனெனில் இவை மீண்டும் பெறத்தக்கவை. கடைத்தெருவில் என்றும் கிடைக்கும் பொருளை வீட்டில் மூட்டை கட்டி வைப்பானேன்?

இவை நீங்கிய பின்னும் இடம் போதாதபோதுதான் நம் வினா பிறக்கிறது. எஞ்சியிருப்பவை அனைத்தும் நம்முடையவை. உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றுள் எதை நீக்குவது என்று கணிப்பொறியைக் கேட்டால், பெரிதிலிருந்து சிறிது வரை வரிசைப்படுத்திக் காட்டும். பழையதிலிருந்து புதியது வரை அடுக்கித் தரும். பருமனும் வயதும் அதற்குத் தெரியும். மதிப்பு அதற்குத் தெரியாது. அதனைக் குறை கூறுவதற்கில்லை. மதிப்பு என்பது அட்டையில் எழுதப்பட்டிருக்கவில்லையே.

பருமனுக்கும் மதிப்புக்கும் எத்துணைத் தொடர்பற்ற நிலை என்பதைச் சிறு கணக்கால் விளக்கலாம். ஒருவர் ஒரு மணி நேரம் பேசியதை, நொடிக்கு 64 கிலோபிட் என்னும் அளவில் சுருக்கி வைத்தால் 29 மெகாபைட்டுக்குள் அடங்கும். அதே பேச்சைக் குறுந்தட்டின் தரத்தில், சுருக்காமல், இரு தடங்களில் பதிவு செய்தால் ஏறத்தாழ 635 மெகாபைட் ஆகும். சொற்கள் அவையே, குரலும் அதுவே. இருபது மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு பதிவு செய்த முறையால் வந்தது. ஆகவே பெரியது என்பதனாலேயே ஒன்றை நீக்குவதும், சிறியது என்பதனாலேயே ஒன்றை விட்டுவைப்பதும் ஒருங்கே பொருளற்றவை.

நாகபுரி போன்றதோர் ஊரில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். தாத்தா இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், இப்போது இல்லை. அவர் இருந்த காலத்தில் மகன் ஐந்து மாலைப் பொழுதுகளில் அவரைப் பேசவைத்துச் சுருக்காமல் பதிவு செய்திருக்கிறார். பிறந்த ஊர், பிரிந்த உறவு, முதன்முதலாக வண்டியேறிய நாள், அங்கு வந்து மொழி தெரியாமல் பட்ட பாடு ஆகிய அனைத்தும் அவற்றுள் உள்ளன. கோப்புகளின் பெயரோ ‘ரெக் 0047’ என்பது போன்ற எண்கள். இன்று அந்த வீட்டின் கணிப்பொறியைக் காத்துவருபவன் கல்லூரியில் பயிலும் பெயரன். தமிழ் கேட்டால் ஓரளவு புரியும், தாத்தாவின் நெல்லைப் பேச்சு விரைவாகச் சென்றால் புரியாது, எழுத்து தெரியாது. அட்டை நிறைந்துவிட்டது. பருமனால் வரிசைப்படுத்தினால் முதலில் நிற்பவை அந்த ஐந்து கோப்புகளே. ஒன்றைத் திறந்து இருபது நொடி கேட்கிறான். இருமல், நாற்காலி நகரும் ஓசை, யாரோ காப்பி வேண்டுமா என்று கேட்கும் குரல். மூடிவிடுகிறான்.

அவன் அவற்றை அழித்தால் குற்றவாளியா? தீய எண்ணம் சிறிதும் அவனிடம் இல்லை. வீட்டுக்கு நன்மை செய்யவே முற்படுகிறான். அட்டையின் நிலையை அறிந்தவன் அவன் ஒருவனே. அடுத்த அறையில் இருக்கும் பாட்டிக்கோ அந்த ஐந்து மாலைகளில் பேசப்பட்டவை அனைத்தும் மனப்பாடம். ஆயினும் அவை அந்தச் சிறு பெட்டிக்குள் இருப்பதோ, இன்று ஆபத்தில் இருப்பதோ அவருக்குத் தெரியாது. கருவியை அறிந்தவருக்கு உள்ளிருப்பது தெரியவில்லை. உள்ளிருப்பதை அறிந்தவருக்குக் கருவி தெரியவில்லை. அழிக்கும் ஆற்றல் ஒருவரிடமும் அழிக்கலாமா என்று சொல்லும் அறிவு மற்றொருவரிடமும் பிரிந்து கிடக்கின்றன. புலம்பெயர்ந்து வாழும் நம் வீடுகளில் இந்தப் பிரிவு மொழியாலும் நேர்வதால் ஆழமாகிவிடுகிறது. என் கருத்தில், ஆற்றல் மட்டும் ஒருவருக்கு உரிமையைத் தந்துவிடாது. அறிவு மட்டுமே தரும் என்றும் கூறவியலாது; ஏனெனில் அட்டை மெய்யாகவே நிறைந்திருக்கிறது, ஏதேனும் ஒன்று போயாக வேண்டும். அழிக்கும் உரிமை அவ்விருவரும் ஒன்றாக அமரும்போதுதான் பிறக்கிறது.

இது புதிய நிலையன்று. நம் ஏட்டுச் சுவடிகளின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது நன்கு தெரிந்த கதை. ஓலைக்கு ஆயுள் உண்டு; படியெடுக்கப்படாத ஏடு காலத்தால் மடியும். படியெடுப்போர் ஒவ்வொரு முறையும் எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தே தீரவேண்டும். உ. வே. சாமிநாதையர் (1855–1942) சுவடி தேடி ஊர் ஊராகச் சென்றபோது, கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகள் நெருப்பில் இடப்பட்டுப்போன செய்தியைக் கேட்டு வருந்தியதைத் தம் எழுத்தில் குறித்துள்ளார். அவ்வாறு செய்தோர் தமிழுக்குப் பகைவர் அல்லர். ஏடுகள் அவர்கள் பொறுப்பில் இருந்தன. அவற்றின் பொருள் அவர்கள் கையில் இல்லை. காவலும் கல்வியும் பிரிந்த இடத்தில் நெருப்புக்கு வேலை எளிதாயிற்று. பெயரனையும் அவர்களோடு சேர்த்து நிறுத்துவது கடுமை என்று சிலர் கருதலாம். நிலை ஒன்றே என்பதை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை.

கல்வியில் சிறந்தோரும் இவ்விடறலுக்கு விலக்கல்லர். 1969ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் மனிதன் சந்திரனில் இறங்கியபோது அங்கிருந்து வந்த படக்குறிகள் பூமியில் காந்த நாடாக்களில் பதிவாயின. தொலைக்காட்சியில் உலகம் கண்ட மங்கலான காட்சியைவிட அம்மூலப் பதிவுகள் தெளிவானவை. பிற்காலத்தில் அவற்றைத் தேடியபோது கிடைக்கவில்லை. நாடாக்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்ட ஆண்டுகளில் அவை வேறு பல நாடாக்களோடு சேர்த்து அழிக்கப்பட்டு மீண்டும் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று நாசா 2009இல் அறிவித்தது. யாரும் சந்திரப் பயணத்தை அழிக்க முடிவு செய்யவில்லை. நாடாவை மிச்சப்படுத்தவே முடிவு செய்தனர். இடத்தை மட்டும் நோக்கிய கண்ணுக்கு உள்ளிருப்பது தெரியாமற்போயிற்று.

அப்படியாயின் எதையும் அழிக்காமல் விட்டுவிடுவோமே, பெரிய அட்டை ஒன்று வாங்கினால் தீர்ந்ததே என்பார் உளர். வாங்கலாம், தவறில்லை. ஆனால் அது வினாவைத் தள்ளிவைக்குமேயன்றி விடை தராது. தீபாவளியன்று ஒரே நொடியில் எடுத்த பதினைந்து படங்கள், மங்கலான மேடைக் காணொளிகள், யாரோ அனுப்பிய காலை வணக்கங்கள் ஆகிய அனைத்தையும் பிரிக்காமல் பிள்ளைகளிடம் விட்டுச் செல்பவர், தாம் செய்யவேண்டிய தேர்வை அதற்குத் தகுதி குறைந்தவர் தலையில் ஏற்றிச் செல்கிறார். பதினைந்து படங்களுள் அத்தை கண் மூடாத படம் எது என்று அத்தையை அறிந்தவரே சொல்ல முடியும். ஐம்பதினாயிரம் படங்களுக்கு நடுவே கிடக்கும் ஒரே ஒரு படம், இல்லாததற்கு நிகர்.

முழு நினைவு என்பது வரமா என்பதையே ஐயுற இடமுண்டு. உருசிய உளவியலறிஞர் அலெக்சாந்தர் லூரியா, கேட்டதை மறக்கவியலாத ஷெரெஷெவ்ஸ்கி என்பவரைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1968இல் ஒரு நூல் எழுதினார். மேடையில் தம் நினைவாற்றலைக் காட்டிப் பிழைத்த அம்மனிதருக்கு, முந்தைய காட்சியின் எண்கள் அடுத்த காட்சியில் குறுக்கிட்டுத் தொல்லை தந்தன. மறப்பதற்காக அவற்றைத் தாளில் எழுதினார், தாளைக் கொளுத்தினார், கரிந்த தாளிலும் எண்களைக் கண்டார். மறக்கத் தெரிந்த நாம் அத்துன்பத்திலிருந்து பிழைத்தோம். பணிமாற்றத்தின்போதெல்லாம் வீட்டை இரும்புப் பெட்டிகளுக்குள் அடக்கிப் பழகிய குடும்பங்களுக்கு இதைப் பிறர் சொல்லவேண்டியதில்லை. அம்மியை விட்டு வந்தோம், அரிவாள்மணையைக் கொண்டுவந்தோம். சரியாகத் தேர்ந்தோமா என்பது வேறு. தேர்ந்தோம் என்பது உண்மை.

சில வேளைகளில் அழிப்பதே கடமையாகவும் ஆகும். தாத்தாவின் மூன்றாம் மாலைப் பதிவில் தம் தம்பியோடு நேர்ந்த நிலத் தகராறு பற்றி மனம் நொந்து பேசியிருக்கலாம். தம்பியின் மக்கள் இன்றும் உறவாடி வருகின்றனர். அதனைப் பேரப்பிள்ளைகள் கேட்கவேண்டுமா? தம்மைப் பற்றிய செய்திகளை நீக்கக் கோரும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும், நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுச் சட்டமும் ஏற்றுக்கொண்டுள்ளன. ஆயினும் தனிமனிதர் தம் வீட்டுப் பயனுக்காக வைத்திருப்பவற்றை இரண்டுமே தம் ஆட்சிக்கு வெளியே விட்டுவிட்டன. சட்டம் நம் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. உள்ளே முடிவு செய்யவேண்டியவர் நாமே. தாத்தாவின் விருப்பம் தெரிந்தால் அதுவே முதலில் நிற்கவேண்டும் என்பேன். தெரியாவிடில், அக்குரலைக் கேட்டு நோகக்கூடியவரும் அதனை இழந்து நோகக்கூடியவரும் கலந்து பேசாமல் கை வைக்கலாகாது.

கணிப்பொறியின் கட்டளைகளுள் என்னைப் பெரிதும் சிந்திக்கவைத்தது ஒன்றுண்டு. ஒரு செயலியை நிறுவும்போது, அதற்குத் துணையாக வேறு சில பொதிகளும் தாமே வந்து சேரும். நாம் கேட்டு வந்தவை அல்ல. அந்தச் செயலியின் பொருட்டு வந்தவை. பின்னொரு நாள் செயலியை நீக்கிவிட்டால் துணைப்பொதிகள் ஆதரவின்றி நிற்கும். ‘ஆட்டோரிமூவ்’ என்னும் கட்டளையை இட்டால், வேறு எதற்கும் இவை தேவையில்லை என்று கண்டு கணிப்பொறி அவற்றையும் நீக்கி இடத்தைத் திருப்பித் தரும். மிகவும் முறையான ஏற்பாடு. மென்பொருளைப் பொறுத்தவரை அதில் குறையொன்றும் இல்லை.

ஆனால் நம் வீடுகளிலும் இந்தக் கட்டளை யாரும் இடாமலே நடந்துகொண்டிருக்கிறது. பாட்டிக்காகவே வாங்கப்பட்ட பஞ்சாங்கம் பாட்டியோடு நின்றுவிடுகிறது. பாட்டிக்காகவே வந்த தமிழ் வார இதழ் மறுமாதமே நிறுத்தப்படுகிறது. பாட்டியிடம் பேசுவதற்காகவே பிள்ளைகள் வைத்திருந்த தமிழ், அதன் பின் எதற்கும் தேவையற்ற துணைப்பொதியாகிவிடுகிறது. யாரும் அதனை வெறுத்து நீக்கவில்லை. யாருக்காக வந்ததோ அவர் இல்லை. ஆகவே அதுவும் இல்லை. கணிப்பொறியில் இதற்கு ஒரு மாற்றும் உண்டு: துணையாக வந்த பொதி ஒன்றை, இது நானே வேண்டி வைத்துக்கொண்டது என்று ஒருமுறை குறித்துவிட்டால், பின்னர் யார் நீங்கினாலும் அது நீங்காது. பெயரன் தமிழைத் தன் கணக்கில் அவ்வாறு குறித்துக்கொள்வானா என்பதை அந்த ஐந்து கோப்புகளின் கதி ஓரளவு முடிவு செய்யும் என்று நினைக்கிறேன்.

லினக்ஸின் மற்றொரு விதியும் இங்கே கருதத்தக்கது. அதில் கோப்பை அழிப்பது என்பது, நுணுகிப் பார்த்தால், பெயரை நீக்குவதே. ஒரே கோப்புக்கு இரு பெயர்கள் இருப்பின் ஒன்றை நீக்கினாலும் கோப்பு வாழும். எல்லாப் பெயர்களும் நீங்கிய பின்னும், ஏதேனும் ஒரு செயலி அதனைத் திறந்து வைத்திருக்குமாயின், அது கைவிடும்வரை இடம் விடுபடாது. அழித்துவிட்டோம், இடம் கூடவில்லையே என்று புதியவர் திகைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். யாரோ ஒருவர் இன்னும் பற்றிக்கொண்டிருக்கிறார் என்பதை மதித்துக் காத்திருக்கும் பண்பு இயந்திரத்துக்கு வகுத்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. யாரேனும் பற்றிக்கொண்டிருக்கிறார்களா என்று நாமும் ஒருமுறை அடுத்த அறைக்குச் சென்று கேட்டு வரலாம்.

அவ்வாறு கேட்டால் நடப்பது பெரும்பாலும் எளிமையானது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒன்றில் பெயரன் கணிப்பொறியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து, “பாட்டி, இது யாருன்னு சொல்லுங்க” என்பான். பாட்டி கேட்டுவிட்டு, “இது உங்க தாத்தாவோட சித்தப்பா கதைடா. இதை வச்சுக்கோ. அடுத்தது சும்மா ஊர் வம்பு” என்பார். வம்பு என்றதைத்தான் அவன் முழுவதும் கேட்பான்! ஐந்து மணி நேரப் பதிவுகளையும் சுருக்கினால் 150 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். மூலப் பதிவுகளை வேறொரு வட்டுக்கு மாற்றி, அத்தை வீட்டில் ஒரு படி வைத்துவிட்டால், அட்டையில் ஏறத்தாழ மூன்று ஜிகாபைட் இடம் கிடைக்கும். அழிக்கவேண்டிய தேவையே பாதி நீங்கிவிடும்.

எஞ்சியது பெயரிடும் வேலை. ‘ரெக் 0047’ என்னும் பெயரை நாளை யார் கண்டாலும் குப்பை என்றே கருதுவர். கோப்பின் பெயரை ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அது பழைய எண்ணம். எக்ஸ்ட்4 முறையில் ஒரு பெயருக்கு 255 பைட் வரை இடமுண்டு. யூனிகோடு முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் கொள்வதால், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்பட்டாலும், 85 குறிகள் எழுதலாம். பேசுபவர் யார், எந்த ஊர்க் கதை, எந்த ஆண்டு பதிவு என்பனவற்றைப் பாட்டி சொல்லச் சொல்லப் பெயரன் எழுதுவதற்கு அது போதும். எழுத்து தெரியாத அவனுக்கு முதல் கோப்புக்குப் பெயரிட அரைமணி நேரம் ஆகலாம். ஐந்தாவதற்கு அவ்வளவு ஆகாது.